சிவபாதத்தின் சண்டைக் கண்

எங்கள் அடுக்ககத்தில் இறந்துபோனவர்கள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது, பொதுக்குழுவில் ஓட்டும் கிடையாது. மற்றபடி நம்மைப் போலத்தான். காலையில் செய்தி கேட்கிறார்கள், லிஃப்ட் பழுதானால் குறைப்படுகிறார்கள், வீட்டுக்கு யாராவது வந்தால் எப்போது வந்தீர்கள் என்று விசாரிக்கிறார்கள். ஹால் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு திரை. அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உரு என்று பெயர். மறுவரவு என்றொரு நிறுவனம் செய்து கொடுக்கிறது. காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அவர்களுடைய ஆள் வந்து கதவைத் தட்டிவிடுவான்.

நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். என் சமையலறை ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கிறது, வாசல் கதவு லிஃப்டைப் பார்க்கிறது. இதை நான் கேட்டு வாங்கவில்லை. குலுக்கலில் விழுந்தது. விழுந்ததை உபயோகிக்காமல் விடுவது என் பழக்கமில்லை.

உருக்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு. எல்லாருக்கும் கண் நன்றாக இருக்கிறது. மூன்றாம் மாடி விசாலத்தின் மாமியார் உயிரோடு இருந்தபோது அவர் பார்த்தாலே பால் திரிந்துவிடும். உருவிலோ கன்றுக்குட்டிக் கண். விசாலம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் பயப்படுகிறாள். அத்தை மனதுக்குள் என்னவோ திட்டம் போட்டிருக்கிறாள், வெளியே காட்டமாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் சொல்லிப் புலம்பினாள்.

அந்தக் கன்றுக்குட்டிக் கண்ணைச் செய்தது வெளியூர்க்காரர் யாருமில்லை. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற ஜெனிட்டாதான். நாகர்கோவில் பெண், மறுவரவு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். வேலை என்றால் கண் போடுவது, அது மட்டும். தோலுக்கு வேறு ஆள், முடிக்கு வேறு ஆள், ஹைதராபாத்தில் ஒருவர் பல் மட்டும். ஒரு மனிதரைச் செய்ய இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள். பழைய முறையில் இருவர் போதுமாயிருந்தது.

அவள் குடிவந்த புதிதில் வீடு வீடாக வந்து, கண்ணைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பதிலுக்கு அவள் ஊர்ப் பலகாரம் முந்திரிக்கொத்து கொடுத்தாள். அடுக்ககமே போய் அவள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கு வளையத்துக்கு நடுவே கண்ணை விரித்தது. அந்தப் படங்களிலிருந்து வெள்ளை விழி ஒருவருடையது, நரம்பு இன்னொருவருடையது, ஓர வளையம் மூன்றாமவருடையது என்று எடுத்துக் கலந்து, உருவின் கண்ணுக்கு மேல் போர்த்துவாள். டெக்ஸ்ச்சர் என்பாள் அதை. என் வலது கண்ணின் சிவப்பு நரம்பு இரண்டு இப்போது துபாயில் ஒரு தொழிலதிபரிடம் இருப்பதாகக் கேள்வி. மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஒருவருடைய கண்ணை முழுசாக எடுத்து இன்னொருவருக்கு வைக்கக் கூடாது. அது சட்டம். பாங்கிலும் ரேஷனிலும் வாசல் கேட்டிலும் இப்போது கருவிழிதானே கையெழுத்து. ஒருவர் இறந்துவிட்டால் அன்றைக்கே அவருடைய விழிப்பதிவை அரசாங்கம் அழித்துவிடும். அதனால் இறந்தவரின் கண்ணைப் போட்டோவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். போட்டோ சரியில்லையென்றால் அக்கம்பக்கத்தார் கண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சம்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் ஒருநாள் மாடிக்குப் போய், இதையெல்லாம் மெஷினே போடாதா என்று கேட்டேன்.

"போடும் ஆன்ட்டி. ஆனா மெஷின் போடுத கண்ணு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். உங்க ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்குன்னா நினைக்கீங்க?"

அதுவரை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தப்பே இல்லாத கண்ணு யாரையும் பாக்காது. சும்மா தொறந்திருக்கும், அவ்ளோதான். எங்கயாவது ஒரு மஞ்சக் கறை, ஒரு கோணல் வச்சாத்தான் அது நம்மளைப் பாக்கும். கண்ணு சரியா அமைஞ்சா மத்ததெல்லாம் தானா வந்துரும். உரு தன்னோட கண்ணைத்தான் முதல்ல படிக்கும். இந்தக் கண்ணுக்கு இந்த முகம், இந்த முகத்துக்கு இந்தக் குரல்னு கணக்குப் போட்டுக்கிடும். வார்த்தை செத்தவங்களோடது. தொனி கண்ணோடது."

விசாலத்தின் மாமியார் ஏன் அப்படி ஆனார் என்று அப்போதுதான் விளங்கியது. பிள்ளை சாந்தமான கண்ணாகப் போடச் சொல்லியிருக்கிறார். கேட்டதைப் போட்டேன் என்றாள் ஜெனிட்டா. முகத்தில் சலனமே இல்லை.

இப்படி இருக்கையில் முதல் மாடி சிவபாதம் காலமானார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி தையல்நாயகி மாயவரம் பக்கம். சத்தம் வராமல் பாத்திரம் கழுவத் தெரிந்த ஒரே பெண்மணி இந்தக் கட்டடத்தில் அவள்தான். அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவபாதம் பேசியதெல்லாம் கீழே, கார் நிறுத்துமிடத்தில், பொன்னுரங்கத்திடம். பொன்னுரங்கம் எனக்கு எதிர்வீடு; மனைவி பெங்களூரில் மகளோடு இருக்கிறார், இவர் இங்கே தம் காரோடு இருக்கிறார். அந்தக் கார் சார்ஜ் ஏறும் வயர், சிவபாதத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி அரையடி உள்ளே கிடக்கும். கோட்டுக்குள் சிவபாதம் ஓட்டாத ஸ்கூட்டர் ஒன்றை நிறுத்தியிருந்தார். ஆயுசு முழுக்க மின்கம்பி பார்த்தவருக்குத் தம் எல்லைக்குள் அடுத்தவர் வயர் கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை. வயரை அரையடி நகர்த்துவதைப் பொன்னுரங்கத்தாலும் பொறுக்க முடியவில்லை. தினம் மாலை இருவரும் எதிரெதிரே நின்று கத்துவார்கள். எனக்கு டீ குடிக்கும் நேரம் அது.

காரியம் முடிந்ததும் தையல்நாயகி உருவுக்குச் சொல்லிவிட்டாள். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கண்ணுக்கு ஆதாரம் இல்லை. சிவபாதம் போட்டிருந்தது வெயிலில் கறுத்துக்கொள்ளும் கண்ணாடி. வெளியே எடுத்த போட்டோவிலெல்லாம் கறுப்பு. உள்ளே எடுத்ததில் கண்ணாடி மேல் டியூப்லைட் வெள்ளையாக ஒரு கோடு. கல்யாணப் படத்தில் புகை. கார் நிறுத்துமிடத்துக் கேமராவில் நிறைய இருக்கிறார். எல்லாம் மேலிருந்து எடுத்த வழுக்கை.

ஜெனிட்டா தையல்நாயகியிடமே கேட்டாள். சார் கண் என்ன நிறம் ஆன்ட்டி, கறுப்பா, பழுப்பா? நான் அப்போது அங்கே இருந்தேன், கிண்ணம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். தையல்நாயகி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான் என்றாள். மச்சம், கறை ஏதாவது? தெரியவில்லை. கோபம் வந்தால் எந்தக் கண் சுருங்கும்? இந்தக் கேள்விக்கு அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடுப்பு எரியவேயில்லை.

திரும்பி வந்து, "நல்லா பாக்கிற மாதிரி போட்டுடும்மா" என்றாள்.

போட்டாள். அடுக்ககத்து நல்ல கண்களையெல்லாம் கலந்து, கோயில் குருக்கள் தோற்கும்படி ஒரு கண். அந்தக் கண்ணோடு சிவபாதம் ஹாலுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரேயொரு சங்கடம். உரு பேசுவதற்கு வார்த்தை வேண்டும் அல்லவா. இப்போது எல்லா வீட்டிலும், கார் நிறுத்துமிடத்திலும்கூட, ஒரு பெட்டி இருக்கிறது. விளக்கை அணை என்றால் அணைக்கும். பேசுவதையெல்லாம் கேட்டுச் சேமித்தும் வைக்கும். அந்த வகையில் எனக்குத் தொழில் போட்டி. சிவபாதத்தின் சேமிப்பில் வீட்டுக்குள் பேசியது 'காபி', 'அணைச்சிடு', 'ம்'. மீதி அத்தனையும் கார் நிறுத்துமிடத்தில் பேசியவை. ஆகவே திரையிலிருந்து சிவபாதம் மனைவியைக் கனிவாகப் பார்த்து, தொட்டில் ஆட்டுகிற குரலில், "யாராவது தடுக்கி விழுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார். "கோடு எதுக்குப் போட்டிருக்கு?" என்று உருகினார்.

தையல்நாயகிக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அரக்குப் புடவை கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இவர் இப்படியெல்லாம் பேசுவாரா என்ன என்று கேட்டுவிட்டேன்.

"பேச்சு கிடக்கட்டுங்க" என்றாள். "காபி கொடுத்தா டம்ளரைப் பார்ப்பாரு. சோறு போட்டா தட்டைப் பார்ப்பாரு. எனக்குக் கட்டின்னு டாக்டர் சொன்னப்போ டாக்டர் என்னைப் பார்த்தாரு, இவரு சுவத்துல காலண்டரைப் பார்த்தாரு. கெட்டவர் இல்ல. ஒரு குறை வச்சதில்ல. ஆனா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை நேரா ஒரு தடவை பார்த்ததில்ல. நானும் நிமிர்ந்து பார்த்ததில்ல, எங்க ஊர்ல அப்படித்தான் வளர்த்தாங்க. எப்பவாவது பார்ப்பாருன்னு இருந்தேன், போய்ட்டாரு. செத்தப்புறமாவது பார்க்கட்டுமே."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கொண்டுபோன கிண்ணத்தைக்கூடத் திருப்பி வாங்காமல் வந்துவிட்டேன். அது எனக்கு அபூர்வம்.

இதில் இன்னொரு சட்டம் உண்டு. உருக்கள் வந்த புதிதில் ஜனங்கள் கொஞ்சம் ஆடிவிட்டார்கள். மனைவிமார் தங்களுக்கு வேண்டிய புருஷனைச் செய்து வாங்கினார்கள், பிள்ளைகள் தலையாட்டுகிற அப்பாவைச் செய்து வாங்கினார்கள். அதனால் அரசாங்கம் வெளிச்சாட்சி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உறவில்லாத ஒருவர், இறந்தவரோடு முகத்துக்கு முகம் பழகியவர், உருவின் எதிரே நின்று பார்த்து, இவர்தான் என்று விழிக்கையெழுத்துப் போட வேண்டும். தலைத் திவசத்துக்குள் சாட்சி கிடைக்காவிட்டால் உருவை அழித்துவிடுவார்கள்.

பெரும்பாலும் இது சம்பிரதாயம்தான். விசாலத்தின் மாமியாருக்குச் சாட்சி போட்டவர் திரையை நிமிர்ந்தே பார்க்கவில்லை; கேசரி ஆறிவிடுமே என்று அவருக்குக் கவலை. ஆனால் சிவபாதத்துக்குப் போட்டோ ஆதாரமே இல்லாததால் நிறுவனம் கெடுபிடி செய்தது. சாட்சி அவரோடு நிஜமாகப் பேசிப் பழகியவரா என்று குரல் சேமிப்பில் தேடிப் பார்த்தார்கள். என் பெயரைத்தான் முதலில் கொடுத்தோம். அவர் என்னிடம் பேசியது 'ம்' மட்டுமே என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். எத்தனை வருஷமாக அந்த மனிதரிடம் நின்று பேசியிருக்கிறேன். பேசியதெல்லாம் நான்தான் போலிருக்கிறது.

தேடியதில் தேறியது ஒரே ஆள். பொன்னுரங்கம்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தையல்நாயகி காபியும் முறுக்கும் வைத்தாள். திவசத்துக்கு நாள் அதிகம் இல்லை. திரையில் சிவபாதம் அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "வயரை எடுத்துட்டுப் போய்யா" என்றார், யாரோ குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல.

பொன்னுரங்கம் வெகுநேரம் பார்த்தார். இப்படியும் அப்படியும் நகர்ந்து நின்று பார்த்தார்.

"இது சிவபாதம் இல்லம்மா" என்றார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்? கட்டிக்கிட்டவ நான்."

"கட்டிக்கிட்டது நீங்கதாம்மா. கண்ணுக்குக் கண்ணு நின்னது நான்." குரலில் சண்டை இல்லை. வருத்தம் இருந்தது. "இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா அந்த ஆளை நான் அவமானப்படுத்தின மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க."

காபியைக் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் காபியைத் தொடாமல் போவது சாதாரண விஷயமில்லை. தையல்நாயகி அந்த டம்ளரை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள், சாயங்காலம்வரை. சிவபாதம் அவளைப் பார்த்துக் கனிந்துகொண்டே இருந்தார்.

இந்தச் செய்தியை நான்தான் ஜெனிட்டாவிடம் கொண்டுபோனேன். யாராவது கொண்டுபோக வேண்டுமே. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். நானும் இறங்கினேன், என் வீடு அந்தப் பக்கம்தானே.

பொன்னுரங்கத்தின் வாசலில் நின்று, அப்படியானால் சார் கண் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

அவர் யோசிக்கவே இல்லை. இடது கண்ணில், கருவிழிக்குக் கீழ்ப்பக்கம், மூக்கையொட்டி, டீத்தூள் ஒட்டினாற்போல ஒரு புள்ளி. விழியைச் சுற்றிச் சாம்பல் வளையம், மேலே தடிப்பு, கீழே மெலிசு. வெள்ளையில் மஞ்சள் படிந்திருக்கும். வலது கண்ணின் வெளியோரத்தில் நரம்பு ஒன்று கொக்கி மாதிரி வளைந்து திரும்பும். கோபம் ஏறும்போது வலதுதான் முதலில் சுருங்கும். இடது கண் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், இன்னும் சமாதானத்துக்கு வழி உண்டா என்பதுபோல. இல்லை என்று தெரிந்ததும் அதுவும் சுருங்கும்.

கண்ணாடியோடு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன்.

"சண்டைன்னா கழட்டி பாக்கெட்ல வச்சுடுவாரும்மா. கண்ணாடியோட அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"ஏன் சார் இவ்ளோ கவனிச்சீங்க?" என்றாள் ஜெனிட்டா.

"ரெண்டு பேர் சண்டை போடறப்போ வேற எங்கம்மா பார்க்கறது?"

அன்றிலிருந்து பொன்னுரங்கம் ஜெனிட்டாவின் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் போடுவாள், இவர் வளையம் கனம், நரம்பு நீளம் என்று சொல்வார். புள்ளியைத் தள்ளி வைக்கச் சொல்வார், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்வார். யார் கண்ணிலிருந்தும் எதையும் எடுக்காமல் அவள் வெறும் கையால் போட்ட முதல் கண் அது. போலீஸ்காரர்கள் திருடன் படம் வரைய ஆளை உட்கார்த்தி வைத்துக் கேட்பார்களே, அந்த மாதிரி என்று நான் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வேறு கிண்ணத்தோடு போனேன்.

கண் முடிந்து அவள் உருவை ஓடவிட்ட அன்று நான் அங்கேதான் இருந்தேன். கணினியில் சிவபாதம் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். நிமிர்ந்தார். பொன்னுரங்கம் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார், கை இடுப்புக்குப் போய்விட்டது.

"வயரு" என்றார் சிவபாதம்.

"அரையடிதான்யா" என்றார் பொன்னுரங்கம்.

"அரையடின்னா அது இடம் இல்லையா? உங்க வீட்டு ஹால்ல அரையடி நான் வந்து படுத்துக்கவா?"

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை, வருஷக்கணக்காக நடந்ததுதான். கடைசியில் ஜெனிட்டா நிறுத்தினாள். பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்க்கிறது என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அவரோடு சேர்ந்து நாங்களும் சந்தோஷப்பட்டோம். தையல்நாயகியை யாரும் நினைக்கவில்லை. படியிறங்கும்போதுதான் ஜெனிட்டா நின்றாள்.

"ஆன்ட்டி, இந்தக் கண்ணு அவங்களைப் பாத்தா எப்படி இருக்கும்?"

தையல்நாயகி கேட்டது ஒரு நல்ல பார்வை. நாங்கள் கொண்டுபோவது வயர்ச் சண்டை.

மறுநாள் மதியம் தையல்நாயகியின் ஹாலில் கூடினோம். நான், ஜெனிட்டா, பொன்னுரங்கம். ஜெனிட்டா ஒளிக்காமல் சொன்னாள்: முதலில் போட்டது உங்களுக்காகப் போட்டது, அது சார் கண் இல்லை. இதுதான் அவர் கண். பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு உருதான், இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

திரையில் சிவபாதம் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார்.

தையல்நாயகியின் தலை தானாகக் குனிந்தது. கை தலைப்பை இழுத்துப் போர்த்தியது.

"என்ன?" என்றார் சிவபாதம். கார் நிறுத்துமிடத்துக் குரல். கட்டடத்துத் தூண் அதிரும்.

அந்த வார்த்தைக்கு அவள் கால் சமையலறைப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். என்ன என்றால் எதையாவது எடுத்துவரப் போவது பழக்கம். இரண்டெட்டுப் போய் நின்றாள்.

பொன்னுரங்கத்துக்குப் பார்க்க முடியவில்லை போலும். "அணைச்சிடும்மா ஜெனிட்டா" என்றார். தையல்நாயகியிடம் திரும்பி, "நீங்க அந்தச் சாந்தமான கண்ணையே வச்சுக்குங்கம்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு என்ன போச்சு, செத்தவர் வந்து கேக்கப்போறாரா" என்றார். அந்த மனிதருக்கு அதைச் சொல்ல எவ்வளவு பிரயாசை என்று அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

ஜெனிட்டா கையை நீட்டினாள். அதற்குள் உரு பேசிவிட்டது.

"வழியில ஏன் நிக்கிற?"

"என் வீடு" என்றாள் தையல்நாயகி, தரையைப் பார்த்தபடி. "நிப்பேன்."

அவள்தான் சொன்னாளா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பேசறப்போ மூஞ்சியைப் பார்த்துப் பேசு" என்றார் சிவபாதம்.

அது பொன்னுரங்கத்திடம் சொன்னது. என்றைக்கோ மழை பெய்த ஒரு மாலையில், வயர் நனைந்து கிடந்தபோது சொன்னது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொன்னுரங்கத்துக்கும் இருந்திருக்கும். தையல்நாயகிக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவள் நிமிர்ந்தாள்.

வலது கண் முதலில் சுருங்கியது. இடது கண் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது.

அவள் கிட்டே போனாள். இன்னும் கிட்டே போனாள். டீத்தூள் புள்ளி இருக்கிற இடத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், வாசிக்கத் தெரியாதவர் பஸ் போர்டைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். சிவபாதம் அசையவில்லை. சண்டையில் முதலில் கண்ணை எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"இத்தனை நாளும் எங்க வச்சிருந்தீங்க இதை?" என்று அவரைக் கேட்டாள்.

"அதெல்லாம் அசோசியேஷன்ல எழுதிக் கொடுங்க" என்றார் சிவபாதம்.

"எழுதிக் கொடுக்கறதா? நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க." குரல் ஏறியது. பிறகு திரும்பாமலேயே, "கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள்.

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"போடுங்க. போட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போங்க. நாங்க பேசிட்டிருக்கோம்."

போட்டார். சாத்தினோம். நான் கடைசியாகச் சாத்தினேன், மெதுவாக.

பிறகு நடந்ததைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் கட்டடமே சாட்சி. சத்தம் வராத அந்த வீட்டிலிருந்து தினம் மதியம் சத்தம் வருகிறது. அவர் வயர் என்கிறார், கேட் என்கிறார், கோடு என்கிறார். அவரிடம் இருப்பது அவ்வளவுதான். அவள் சொல்வது வேறு. டாக்டர், காலண்டர், தன் அப்பா செத்த அன்று அவர் பஸ் ஏறாமல் இருந்தது, மாயவரத்து மாப்பிள்ளை விருந்தில் எழுந்து போனது. "யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டால், "நீங்கதான்" என்கிறாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள் என்று தோன்றுகிறது. எதிராளியிடம் வேறு வார்த்தை இல்லாதபோது ஜெயிப்பது நியாயமா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் இத்தனை காலம் இன்னொருவரிடம் வார்த்தை இல்லாமல் இருந்ததே, அதைச் சேர்த்துப் பார்த்தால் சரிதான்.

இது நல்லதற்கா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரை கூடியிருக்கிறது. கோயிலுக்குப் போவது குறைந்திருக்கிறது. அவளுடைய நாத்தனார் வந்து, இதென்ன செத்த மனுஷனோடு தினம் ரகளை, அழித்துவிடு என்று சொல்லிப் பார்த்தார். இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

விசாலம் ஜெனிட்டாவிடம் போய், அத்தைக்கும் பழைய கண்ணை வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கண் இருந்தால் என்ன நினைக்கிறாள் என்றாவது தெரியுமாம். சாட்சி முடிந்த உருவில் கைவைக்க முடியாது என்று ஜெனிட்டா சொல்லிவிட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் இப்போது அவள் முதலில் கேட்பது, உங்கள் ஆளுக்கு எதிரி யாராவது உண்டா என்று. ஜனங்கள் முகம் சுளித்து வேறு ஆளிடம் போகிறார்கள். அவர்களுக்குக் கன்றுக்குட்டிக் கண் போட்டுக் கொடுக்க ஊரில் ஆளா இல்லை.

பொன்னுரங்கம்தான் பாவம். அவ்வளவு பாடுபட்டு எதிரியைத் திரும்பக் கொண்டுவந்தார். கொண்டுவந்த கையோடு தையல்நாயகியிடம் பறிகொடுத்தார். ஒருநாள் மாலை மேலே போய் மணியடித்து, சாரிடம் ஒரு ஐந்து நிமிஷம் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். இன்னும் முடியலை, அப்புறம் வாங்க என்று கதவிடுக்கில் சொல்லி அனுப்பிவிட்டாள். கீழே வந்து கார்ப் பக்கம் நின்றார். வயரைக் காலால் தள்ளினார், ஒரு முழம் உள்ளே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே மனசு கேட்காமல் ஜன்னலைத் திறந்து, "என்ன சார், கோடு தெரியலையா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து, நன்றி சொல்வதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தக் கண் இல்லை.

நேற்று மதியம் என் வாசலில் மணி. தையல்நாயகி. மூச்சு வாங்குகிறது, தலை கலைந்திருக்கிறது, குரலே இல்லை. காற்றுதான் வருகிறது.

"பனங்கல்கண்டு இருக்காங்க?"

உள்ளே வா, உட்கார், வெந்நீர் தருகிறேன் என்றேன். இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டுவிடலாம் என்று எனக்கு.

"இல்லைங்க, சீக்கிரம் கொடுங்க. நடுவுல விட்டுட்டு வந்திருக்கேன்." மேலே கையைக் காட்டினாள். "பார்த்துக்கிட்டே நிக்கிறாரு."

கொடுத்தேன். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் கீழேயே நின்றிருந்தும் அதில் ஏறாமல், படியில் ஓடினாள்.